டப்பாவின் அடியில் இருக்கும் எண்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸையும் மலேசியாவின் ஜோகூர் பாருவையும் இணைக்கும் தரைப்பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். அதன் தென்கரையில், தசையை வளர்ப்பதாகச் சொல்லும் மாத்திரைப் புட்டி ஒன்றை இறக்குமதி செய்து கடையில் அடுக்க அரசின் முன்அனுமதி தேவையில்லை. சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமான எச்.எஸ்.ஏ. நச்சு உலோகங்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. மருந்துச் சரக்கு எதையும் கலக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் அந்த விதிகளைக் காக்கும் பொறுப்பு முதலில் வணிகருடையது. வடகரையில் அதே புட்டி மலேசியாவின் மருந்து ஒழுங்குமுறை முகமையில் பதிவாகி, ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் எண்ணையும் பாதுகாப்பு வில்லையையும் தாங்கியிருக்க வேண்டும். காலையில் ஜோகூரிலிருந்து புறப்பட்டு சிங்கப்பூரில் வேலை பார்த்து இரவில் திரும்பும் ஒருவர், ஒரே நாளில் இரண்டு சட்டங்களுக்குக் கீழே அதே மாத்திரையை விழுங்கலாம். புரோட்டீன் பவுடரோ இரு கரையிலும் உணவாகவே கருதப்படுகிறது. சிங்கப்பூரில் அது எச்.எஸ்.ஏ.வின் கைக்கே வராது. உணவு முகமையின் பார்வைக்குப் போகும்.

வெளிநாட்டில் வாழும் தமிழர்களில், குறிப்பாக இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கும் ஆண்களிடையே, ஜிம் பழக்கம் வேரூன்றிவிட்டது. சிங்கப்பூரின் துவாஸில் தொழிலாளர் விடுதியில் இருப்பவரும், நியூ ஜெர்சியில் மென்பொருள் எழுதுபவரும், ஷார்ஜாவில் பாரவண்டி ஓட்டுபவரும் இதில் ஒன்று. வேலை முடிந்தபின் தனக்கென்று மிஞ்சும் ஒரு மணி நேரத்தை உடம்புக்குக் கொடுக்கிறார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். அதனால்தான் அவர்கள் கையில் இருக்கும் டப்பாவைப் பற்றிக் கவலைப்படுகிறேன். ஊரில் கடைக்காரரைத் தெரியும், ஏமாற்றினால் எங்கே போய்க் கேட்பது என்றும் தெரியும். அயல்நாட்டில் அந்த இடத்தை மூன்று நம்பிக்கைகள் நிரப்புகின்றன: அமெரிக்கச் சரக்கு என்றால் தரமாக இருக்கும், பெரிய கடையில் போலி இருக்காது, அறைத்தோழர் ஆறு மாதமாகச் சாப்பிட்டும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த மூன்றில் எதுவுமே நம் கையிலுள்ள டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அந்தப் பொருள் விற்பதால் லாபமோ நஷ்டமோ அடையாத ஒருவர் அந்தத் தொகுப்பை, அதாவது அந்த பேட்சை, எடுத்துச் சோதித்த முடிவு.

முதலில் அமெரிக்கா. 1994 அக்டோபரில் அதிபர் பில் கிளிண்டன் கையெழுத்திட்ட உணவுத் துணைப்பொருள் சட்டம் இன்றைய உலகச் சந்தைக்கு வடிவம் கொடுத்தது. இந்தச் சட்டப்படி துணைப்பொருள் என்பது மருந்தல்ல, உணவின் ஒரு வகை. விற்பனைக்கு வருமுன் அது பாதுகாப்பானது என்றோ பயன் தருவது என்றோ அரசின் முன் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. புதிய மூலப்பொருள் சேர்த்தால் 75 நாள் முன்னதாகத் தகவல் தர வேண்டும். மற்றபடி, பொருள் ஆபத்தானது என்று நிறுவும் சுமை அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் தோளில்தான். எஃபெட்ரா என்ற மூலிகைச் சாறு இதயத்தைப் பாதிக்கிறது என்ற புகார்கள் ஆண்டுக்கணக்கில் குவிந்தன. 2003 பிப்ரவரியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் பயிற்சியின்போது சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தார். அதற்கும் அடுத்த ஆண்டுதான் எஃபெட்ரா தடை செய்யப்பட்டது. சட்டம் வந்து பத்தாண்டு கழித்து விழுந்த முதல் தடை அது.

ஆகவே, ஒரு டப்பாவின்மேல் ‘எஃப்.டி.ஏ. அங்கீகாரம் பெற்றது’ என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரியே அதைக் கீழே வைக்கப் போதுமான காரணம். எஃப்.டி.ஏ. துணைப்பொருள்களுக்கு அங்கீகாரம் தருவதே இல்லை. ‘எஃப்.டி.ஏ.வில் பதிவான ஆலையில் தயாரானது’ என்ற வரி பொய்யாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் பதிவு என்பது உணவு ஆலை எதுவும் செய்ய வேண்டிய கடமை. ஆலையின் முகவரி அரசிடம் இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

எல்லா நாடும் இப்படி இல்லை. கனடா 2004 முதல் இயற்கை நலப் பொருள்களுக்கு விற்பனைக்கு முன்பே உரிமம் கேட்கிறது. உரிமம் பெற்ற புட்டியில் எட்டு இலக்க எண் இருக்கும்; அரசின் தரவுத்தளத்தில் அதைத் தட்டினால் என்ன சரக்கு, எவ்வளவு அளவு என்று வரும். ஸ்கார்பரோவில் இருக்கும் ஒருவருக்கு இது பெரிய வசதி. ஆஸ்திரேலியா 2020-இலிருந்து ஆபத்து மிகுந்த சரக்குள்ள விளையாட்டுத் துணைப்பொருள்களை மருத்துவப் பொருள் என்ற வகைக்குள் கொண்டுவந்து கண்காணிப்பை இறுக்கியது. துபாயில் மாநகராட்சியின் ‘மொன்தாஜி’ என்ற பதிவு முறை இருக்கிறது. பொருள் பதிவானதா என்று அதிலே பார்க்கலாம். பதிவு இருப்பதாலேயே உள்ளே இருப்பது சுத்தம் என்று ஆகிவிடாது. ஆனால் பதிவு இருக்க வேண்டிய நாட்டில் பதிவே இல்லாத பொருளை வாங்க எந்த நியாயமும் இல்லை. வேறு நாட்டுக்குக் குடியேறியவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: இந்த ஊரில் அரசு முன்னால் பார்க்கிறதா, பின்னால் பார்க்கிறதா?

பின்னால் பார்க்கும் ஊரில் என்ன நடக்கும் என்பதற்கு 2002-இல் சிங்கப்பூரை உலுக்கிய ‘ஸ்லிம் 10’ விவகாரத்தை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. சீனாவின் குவாங்சௌவில் தயாரான உடல் இளைக்கும் மாத்திரை அது. மூலிகை என்று சொல்லி விற்றார்கள். தொலைக்காட்சி நடிகை ஆண்ட்ரியா டி குரூஸ் அதை வாங்கியது இருட்டுச் சந்தில் அல்ல, தன்னோடு பணியாற்றிய சக நடிகர் ஒருவர் மூலமாக. சில மாதங்களில் அவருடைய கல்லீரல் செயலிழந்தது. அவரை மணக்கவிருந்த நடிகர் பியர் பிங் தன் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்ததால் உயிர் தப்பினார். அதே மாத்திரை சாப்பிட்ட இன்னொரு பெண் இறந்துபோனார். சோதித்தபோது, லேபிளில் இல்லாத ஃபென்ஃப்ளூரமின் வகைச் சேர்மம் அதில் இருப்பது தெரிந்தது. இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997-இலேயே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட மருந்து ஃபென்ஃப்ளூரமின். அதே காலத்தில் ஜப்பானிலும் இத்தகைய மாத்திரைகளால் பலருக்குக் கல்லீரல் பாதித்தது.

வழக்கு நடந்தது. இறக்குமதி செய்தவரும் விநியோகித்தவரும் போதிய கவனம் எடுக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் 2003-இல் தீர்த்தது. விநியோக நிறுவனத்தின் மேல்முறையீடு அடுத்த ஆண்டு தள்ளுபடியானது. இழப்பீடு ஏறத்தாழ 9 லட்சம் வெள்ளி. சட்டம் தன் வேலையைச் செய்தது, ஆனால் கல்லீரல் போனபின். மாத்திரையைக் கைமாற்றிய சக நடிகர்மேல் தொடுத்த வழக்கு நிற்கவில்லை. அவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்தவர் மூலம் வாங்குவதில் இருக்கும் குறையும் அதுதான். அவர் நல்லவராகவே இருப்பார். நம்மேல் அக்கறை உள்ளவராகவும் இருப்பார். தன்னிடம் இல்லாத ஒரு தகவலை அவரால் நமக்குத் தர முடியாது. ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ‘மலிவு விலைக்கு வருகிறது, யாருக்கு வேண்டும்’ என்று போடும்போது இருபது பேர் கை தூக்குவது ஊர்ப்பாசத்தால்தான். அந்தப் பாசத்தை நான் குறைத்துப் பேசவில்லை. வேலை தேடவும் கடன் வாங்கவும் அறை பிடிக்கவும் அது உதவுகிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தின் வேலையை அதனால் செய்ய முடியாது.

இனி, அதிகம் பேர் வாங்கும் பொருளான புரோட்டீன் பவுடருக்கு வருவோம். இதில் கலப்படம் எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள 1883-க்குப் போக வேண்டும். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுவடிப்பு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் யோஹான் கெல்டால் என்ற வேதியியலாளர், தானியத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்க ஒரு வழி கண்டார். புரதத்தை நேராக அளக்காமல் அதிலுள்ள நைட்ரஜனை அளப்பார். புரதத்தின் எடையில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன். ஆகவே கிடைத்த நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு. எளிமையான, மலிவான இந்த முறையும் இதன் வழிவந்த முறைகளும் இன்றும் உலகெங்கும் உணவுத் தொழிலில் புழங்குகின்றன. இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று இந்தச் சோதனைக்குத் தெரியாது.

அந்த ஓட்டை வழியாகத்தான் 2008-இல் சீனாவின் பால்பவுடர் பேரழிவு நுழைந்தது. மெலமைன் என்பது பிளாஸ்டிக் தட்டு செய்யப் பயன்படும் வேதிப்பொருள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கணக்குப் போட்டால், ஒரு கிராம் மெலமைன் கெல்டால் சோதனையில் நான்கு கிராமுக்கு மேற்பட்ட புரதமாகத் தெரியும். பாலில் தண்ணீரை ஊற்றி, குறைந்த புரதத்தை மெலமைனால் ஈடுகட்டினார்கள். ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் சிறுநீரகக் கோளாறுக்கு ஆளாயின. அந்தப் பால், தரச்சோதனையில் தேறிய பால்.

ஜிம் பவுடரில் நடப்பது அந்த அளவு கொடியதல்ல. ஆனால் வழி அதே வழி. வே புரோட்டீன் என்பது பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் தெளிந்த நீரிலிருந்து எடுக்கப்படுவது, விலை அதிகம். கிளைசின், டாரின் போன்ற தனி அமினோ அமிலங்களும் கிரியேட்டினும் மொத்த விலையில் மலிவு. ஒரு கிராம் கிளைசின் நைட்ரஜன் கணக்கில் 1.17 கிராம் புரதமாகத் தெரியும். ஒரு கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் 1.76 கிராமாகத் தெரியும். தசையைக் கட்டும் புரதம் இவற்றில் இல்லை. லேபிள் 25 கிராம் என்கிறது, சோதனையும் 25 என்கிறது, உடம்புக்குப் போவது 17 ஆகவோ 18 ஆகவோ இருக்கலாம். 2014 வாக்கில் அமெரிக்காவில் பல நிறுவனங்கள்மேல் இதற்காக நுகர்வோர் வழக்குகள் வரிசையாகத் தொடுக்கப்பட்டன.

இதை ஓரளவு லேபிளிலேயே பிடிக்கலாம். வெறும் வே என்று விற்கும் டப்பாவின் சரக்குப் பட்டியலில் கிளைசின், டாரின், குளுட்டமின் என்று தனியே வந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். அமினோ அமிலப் பட்டியல் அச்சிட்டிருந்தால் லியூசினைப் பார்க்க வேண்டும். நல்ல வேயில் புரத எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் லியூசின் இருக்கும். 25 கிராம் புரதத்துக்கு இரண்டரை கிராம். அடுத்து ஸ்கூப்பின் எடையையும் புரதத்தின் எடையையும் வகுத்துப் பார்ப்பது. 30 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் என்றால் 80 விழுக்காடு. அது கான்சென்ட்ரேட் என்ற வே வகைக்குப் பொருந்தும் உச்சம். 45 கிராம் ஸ்கூப்பில் அதே 24 கிராம் என்றால் பாதிக்குப் பாதி மாவும் சர்க்கரையும் வாங்குகிறோம். சிலர் அயோடின் சொட்டு விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். அது மாவுப்பொருள் கலந்ததைக் காட்டும். அமினோ அமிலக் கலப்பையோ ஈயத்தையோ மருந்துக் கலப்பையோ காட்டாது. ஷேக்கரில் நன்றாகக் கரைகிறது, நுரை வரவில்லை என்பவை எதற்கும் சான்றல்ல. சுரண்டிப் பார்க்கும் ஹாலோகிராம் குறியீடு, டப்பா அந்த பிராண்டினுடையதா என்பதற்கு மட்டுமே பதில் சொல்லும். அதையும் போலி இணையதளத்துக்கு அனுப்பும் ஏமாற்று இருக்கிறது.

கலப்படத்தில் இரண்டு குணம் உண்டு. காசைத் திருடுவது ஒன்று, உடம்பைத் தாக்குவது ஒன்று. மட்டமான வே பெரும்பாலும் முதல் வகை. இரண்டாம் வகை எங்கே குவிந்திருக்கிறது என்பதற்கு நல்ல தரவு இருக்கிறது. 2007 முதல் 2016 வரை எஃப்.டி.ஏ. மருந்துக் கலப்படம் கண்டுபிடித்த துணைப்பொருள்கள் 776. அவற்றில் 45.5 விழுக்காடு ஆண்மை பெருக்குவதாகச் சொன்னவை, 40.9 விழுக்காடு உடல் இளைப்பவை, 11.9 விழுக்காடு தசை வளர்ப்பவை. மூன்றுக்கும் உள்ள ஒற்றுமை, வாங்குபவர் சில நாளிலேயே வித்தியாசத்தை உணர வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான். செடியும் வைட்டமினும் அவ்வளவு சீக்கிரம் எதையும் உணர வைக்காது. ஆகவே உணர வைக்கும் மருந்தை உள்ளே போடுகிறார்கள். உடல் இளைக்கும் மாத்திரைகளில் அடிக்கடி அகப்படுவது சிபுட்ரமின். இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து என்று 2010-இல் பல நாடுகள் கைவிட்ட மருந்து அது. ஒரு மாத்திரை இரண்டே நாளில் பசியை அடியோடு நிறுத்தினால் அதைப் பலன் என்று எண்ணாமல் எச்சரிக்கை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தசை வளர்ப்பில் இப்போது பேசப்படுபவை சார்ம் என்ற வகைச் சேர்மங்கள். எந்த நாட்டிலும் துணைப்பொருளாக விற்க அனுமதி பெறாதவை. இணையத்தில் சார்ம் என்று விற்கப்பட்ட 44 பொருள்களைச் சோதித்த ஆய்வு 2017-இல் வெளியானது. 52 விழுக்காட்டில்தான் சார்ம் இருந்தது. 39 விழுக்காட்டில் அனுமதியற்ற வேறொரு மருந்து இருந்தது. 9 விழுக்காட்டில் எதுவுமே இல்லை. இன்னும் பழைய ஆய்வு ஒன்று இங்கே முக்கியம். 2000-2001-இல் ஜெர்மனியின் கொலோன் ஆய்வுக்கூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 சாதாரணத் துணைப்பொருள்களைச் சோதித்தது. இவை ஹார்மோன் என்று விற்கப்பட்டவை அல்ல. 94 பொருள்களில், அதாவது 14.8 விழுக்காட்டில், லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு இருந்தது. அமெரிக்காவில் வாங்கியவற்றில் 18.8 விழுக்காடு, பிரிட்டனிலும் 18.8, ஜெர்மனியில் 11.6, நெதர்லாந்தில் 25.8. வளர்ந்த நாட்டுக் கடையில் வாங்கினேன் என்ற நிம்மதிக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை. பலவும் வேண்டுமென்று கலந்தவை என்றுகூடச் சொல்ல முடியாது. ஹார்மோன் பொருள் தயாரித்த அதே இயந்திரத்தைச் சரியாகக் கழுவாமல் அடுத்த பொருளைத் தயாரித்தால்கூட இப்படி ஆகும்.

அந்த ஆய்வுக்குப் பிறகுதான் பேட்ச் சோதனைக்கு விளையாட்டு உலகில் மதிப்புக் கூடியது. ஊக்கமருந்து விதிகளின்படி, உடம்பில் இருப்பது எப்படி வந்தாலும் வீரரே பொறுப்பு. ஆகவே வீரர்களுக்கு உறுதி தேவைப்பட்டது. பிரிட்டனின் எல்.ஜி.சி. நடத்தும் ‘இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்’ முத்திரை உள்ள பொருளின் ஒவ்வொரு பேட்சும் சந்தைக்கு வருமுன் சோதிக்கப்படுகிறது. அதே நிறுவனத்தின் ‘இன்ஃபார்ம்ட் சாய்ஸ்’ சற்று இளகியது. கடைகளிலிருந்து மாதிரி எடுத்து அவ்வப்போது சோதிப்பார்கள். அமெரிக்காவின் ‘என்.எஸ்.எஃப். சர்ட்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்’ தடைசெய்த பொருள்களோடு, லேபிளில் சொன்னது உள்ளே இருக்கிறதா, உலோக மாசு உண்டா என்பதையும் பார்க்கிறது. ஜெர்மனியில் ‘கொலோன் பட்டியல்’, ஆஸ்திரேலியாவில் ‘ஹாஸ்டா’.

இங்கே பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. ஒரு முத்திரை, தான் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும். ஊக்கமருந்து இல்லை என்று சொல்லும் முத்திரை, ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் இருக்கிறது என்று சொல்லவில்லை. ஈயம் இல்லை என்றும் சொல்லவில்லை. பட்டாணி, அரிசி போன்ற தாவரப் புரதப் பவுடர்களில் வேயை விட ஈயமும் காட்மியமும் அதிகமாக இருப்பது சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. செடி மண்ணிலிருந்து அவற்றை உறிஞ்சுவதே காரணம். சைவ உணவுக்காரர் தாவரப் பவுடரைத் தேர்ந்தால் உலோகச் சோதனை உள்ள முத்திரையைத்தான் தேட வேண்டும்.

முத்திரையை அச்சடிப்பது யாருக்கும் எளிது. எனவே டப்பாவில் அதைப் பார்த்ததோடு நிற்காமல், முத்திரை தந்த அமைப்பின் தளத்துக்குப் போய், டப்பாவின் அடியிலோ மூடியின் ஓரத்திலோ இருக்கும் பேட்ச் எண்ணைத் தேட வேண்டும். பிராண்ட் பெயர் இருந்து அந்த எண் இல்லையென்றால், அந்த டப்பா சோதிக்கப்படவில்லை என்றே கொள்ளலாம். கடையிலேயே நின்று கைபேசியில் இரண்டு நிமிடத்தில் முடியும் வேலை. பெரிய இணையக் கடைகளில் வாங்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். கடையின் பெயர் ஒன்று, விற்பவர் வேறொருவர். பிராண்டின் சொந்த விற்பனைப் பக்கமோ அதன் நாட்டு விநியோகஸ்தரோ இல்லாத மூன்றாமவர் சந்தை விலையை விட வெகுவாகக் குறைத்துத் தந்தால், காலாவதி நெருங்கிய சரக்கோ மறுநிரப்பு டப்பாவோ என்று சந்தேகிப்பதில் தவறில்லை.

தாயகத்திலிருந்து கொண்டுவருவது பாதுகாப்பு என்று நினைப்பவர்களும் உண்டு. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, கேரளத்தின் கல்லீரல் மருத்துவர் சிரியக் ஆபி ஃபிலிப்ஸ் உள்ளிட்ட குழுவினுடையது. அது இந்தியச் சந்தையிலிருந்த 36 புரோட்டீன் பவுடர்களைப் பார்த்தது. ஏறத்தாழ 70 விழுக்காட்டில் புரத அளவு தவறாகச் சொல்லப்பட்டிருந்தது. சில பிராண்டுகளில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சுமார் 14 விழுக்காட்டில் பூஞ்சை நச்சான அஃப்லாடாக்சின். லேகியம், சூரணம் வாங்கி உடம்பு தேற்றுவோர் கவனிக்க வேண்டிய ஆய்வு 2004-இல் பாஸ்டனிலிருந்து வெளியானது. அந்நகரைச் சுற்றியுள்ள தெற்காசிய மளிகைக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. மளிகைக்கடையில் அப்பளத்துக்கும் புளிக்கும் பக்கத்தில் இருப்பதால் ஒரு பொருள் நமக்குச் சொந்தம்போலத் தோன்றும். கல்லீரலுக்கு அந்த உறவு தெரியாது. அசுவகந்தா ஜிம் உலகில் பெருமதிப்புப் பெற்றிருக்கிறது. டென்மார்க் 2023-இல் அதைத் துணைப்பொருள்களில் தடை செய்தது.

எல்லை கடப்பதிலும் சிக்கல் இருக்கிறது. வளைகுடாவுக்குப் போகிறவரிடம் கசகசா எடுத்துப் போகாதே என்று பயண முகவர் முதல் பக்கத்து வீட்டுப் பாட்டி வரை சொல்லி அனுப்புகிறார்கள். துணைப்பொருள்களுக்கும் அப்படி ஓர் ஊரறிவு உருவாக வேண்டும். டி.எச்.இ.ஏ. என்ற ஹார்மோன் அமெரிக்க மருந்துக்கடையில் அலமாரியிலிருந்து எடுக்கும் பொருள்; கனடாவிலும் பிரிட்டனிலும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. தூக்கத்துக்கான மெலடோனின் அமெரிக்காவில் மிட்டாய் வடிவில் கிடைக்கிறது. பிரிட்டனில் மருத்துவர் சீட்டு வேண்டும். தசை வலிக்கு என்று விற்கும் கஞ்சாச் செடிச் சாறு கலந்த மிட்டாயை அமெரிக்காவில் வாங்கிச் சிங்கப்பூர் விமான நிலையத்தில் இறங்குபவர் சிறை செல்லும் குற்றத்தைச் செய்கிறார். வேலை அனுமதியில் இருப்பவருக்கு, வழக்கு என்பது வேலையும் ஊருக்கு அனுப்பும் பணமும் சேர்ந்து போவது.

இவ்வளவையும் தனியாள் தலையில் ஏற்றுவது நியாயமா? இல்லை என்றே நினைக்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நின்று வருபவர், ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்ட வேதியியல் பட்டியலைப் படித்துத் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டத்தின் தோல்வி. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரிலாவது கலப்படம் பிடிபட்ட பொருள்களின் பெயரும் படமும் தமிழிலும் வங்காள மொழியிலும் விடுதிச் சுவர்களில் ஒட்டப்பட வேண்டும். அது வரும்வரை வாங்கும் பொருள்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் கையில் இருக்கும் பாதுகாப்பு.

எவ்வளவு குறைக்கலாம்? எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதத்துக்கு மேல் போனால் தசை வளர்ச்சியில் கூடுதல் பயன் பெரிதாக இல்லை என்று 2018-இல் வந்த விரிவான தொகுப்பாய்வு சொல்கிறது. 65 கிலோ ஆளுக்கு 104 கிராம். நான்கு முட்டையில் சுமார் 24 கிராம்; நூறு கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் ஏறத்தாழ 20; நூறு கிராம் மீனிலோ கோழியிலோ 20-க்கு மேல்; சோற்றிலும் பருப்பிலும் தயிரிலும் மீதியில் பெரும்பகுதி. இந்தியத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, உடம்பை ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்றே சொல்கிறது. என் கருத்து அந்த அளவு கண்டிப்பானதல்ல. மூன்று வேளையும் கேட்டரிங் சாப்பாட்டை நம்பியிருக்கும் விடுதிவாசிக்கு முட்டை அவிக்கக்கூட அடுப்பு இருக்காது. அவருக்கு ஒரு ஸ்கூப் நியாயமான தேவைதான். அப்போது சரக்குப் பட்டியல் சுருக்கமாக உள்ள வே போதும். அதற்கு மேல் ஒன்று வேண்டுமானால் கிரியேட்டின் மோனோஹைட்ரேட், நாளுக்கு 3 முதல் 5 கிராம், சுவையூட்டாத வெறும் தூள். பல பத்தாண்டு ஆய்வு இருப்பது அதற்குத்தான். ஜெர்மனியின் ட்ரோஸ்ட்பெர்கில் தயாராகும் ‘கிரியாப்யூர்’ என்ற மூலச்சரக்கைப் பல பிராண்டுகள் வாங்கி அடைக்கின்றன. அந்தப் பெயரைப் பார்த்து வாங்கலாம். கிரியேட்டின் சாப்பிடுபவருக்கு இரத்தத்தில் கிரியேட்டினின் சற்று உயர்ந்து சிறுநீரகக் கோளாறுபோலக் காட்டக்கூடும். மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ‘கலவை’ என்று மொத்த எடையை மட்டும் போட்டு, எது எவ்வளவு என்று மறைக்கும் ப்ரீ-வொர்க்அவுட் பவுடர்களை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சாப்பிடத் தொடங்கியபின் கண் மஞ்சளாவது, சிறுநீர் கருப்பது, காரணமில்லாத குமட்டல், படபடப்பு இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பலர் அங்கே போய் என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்கள். பவுடரை மருந்தாக நினைக்காததால். டப்பாவையே எடுத்துப் போவது நல்லது, காலியாக இருந்தாலும். 2013-இல் ஹவாயில், நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்கள் கல்லீரல் செயலிழந்து அடுத்தடுத்து வந்தபோது மருத்துவர்கள் ஒவ்வொருவரிடமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தார்கள். பலருடைய விடையில் வந்த பெயர் ‘ஆக்ஸிஎலைட் ப்ரோ’, டெக்சஸிலிருந்து வந்த கொழுப்புக் கரைப்பான். ஒருவர் இறந்தார், சிலருக்குக் கல்லீரல் மாற்ற வேண்டியிருந்தது. அந்தப் புகார்கள் எஃப்.டி.ஏ.வுக்குப் போய், அதே ஆண்டு நவம்பரில் பொருள் திரும்பப் பெறப்பட்டது. 2015-இல் அந்நிறுவனத்தின்மேல் குற்றச்சாட்டு பதிவானது: சீனாவிலிருந்து செயற்கைச் சேர்மங்களை வாங்கி, பொய்ச் சான்றிதழ்களோடு செடிச்சாறு என்று இறக்குமதி செய்ததாக. 2019-இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது.